வெண்சீருடையின் கதை – 14: கணக்குக் கேட்ட செவிலியர்

சென்ற இதழில் பாஸ்டன் நகரத்து மேரி எலைசா மஹோனியைப் பார்த்தோம். 1879-ல் பயிற்சிப் பள்ளியில் தேறி, அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் என்ற பெயரைப் பெற்றவர். அவருக்குப் பின்னால் அந்த இனத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். ஆனால் 60 ஆண்டுகள் கழித்து, உலகப் போர் மூண்டு நர்சுகளுக்குக் கடும் தட்டுப்பாடு வந்த நேரத்தில், அவர்களில் பெரும்பாலோரை ராணுவ மருத்துவமனையின் வாசலுக்குள்கூட விடவில்லை.

ஆள் பற்றாக்குறை முற்றினால் பாகுபாடு தானாக ஒழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி நடக்கவில்லை. நான்கு ஆண்டுகள் பற்றாக்குறையும் இருந்தது, பாகுபாடும் இருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் எடுத்து வைத்து, இதற்கு என்ன பதில் என்று சபையில் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கேட்டவர் பெயர் மேபல் கீட்டன் ஸ்டாப்பர்ஸ். இந்த அத்தியாயம் அவரையும், அவரோடு நின்ற கூட்டத்தையும் பற்றியது.

அவரிடம் போவதற்கு முன், கதவு எப்படிப் பூட்டப்பட்டிருந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

1906 வாக்கில் மார்த்தா பிராங்க்ளின் என்ற கறுப்பினச் செவிலியர், நாடெங்கும் உள்ள தன் இனத்துச் செவிலியருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பிலடெல்பியாவில் படித்தவர், வகுப்பிலேயே அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். உங்கள் ஊரில் நிலைமை என்ன, நாம் ஒரு சங்கம் அமைக்கலாமா என்று கேட்டு 1,500 கடிதங்களுக்கு மேல் கைப்பட எழுதினார். அதன் பலனாக 1908 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் 52 பேர் கூடினார்கள். பயிற்சி பெற்ற கறுப்பினச் செவிலியரின் தேசியச் சங்கம் அங்கே பிறந்தது. கூடியவர்களை வரவேற்று உபசரித்தவர் லிங்கன் மருத்துவமனையின் ஏடா தாம்ஸ். அடுத்த ஆண்டு பாஸ்டனில் நடந்த முதல் மாநாட்டில் வரவேற்புரை ஆற்றியவர், அப்போது அறுபதைத் தாண்டியிருந்த மஹோனி.

தனிச் சங்கம் ஏன் தேவைப்பட்டது? அமெரிக்கச் செவிலியர் சங்கம் என்ற பெரிய அமைப்பு அப்போதே இருந்தது. அதன் விதிகளில் கறுப்பினத்தவர் சேரக் கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் 1916-ல் ஒரு நிர்வாக மாற்றம் வந்தது. இனி தேசியச் சங்கத்தில் சேர வேண்டுமானால் அவரவர் மாநிலச் சங்கத்தின் வழியாகத்தான் சேர முடியும். தென் மாநிலச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. மாநிலச் சங்கம் இல்லை என்றால் தேசியச் சங்கம் இல்லை. தேசியச் சங்கம் இல்லை என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் பட்டியலில் இடமில்லை. ராணுவம் தனக்கு வேண்டிய செவிலியரைச் செஞ்சிலுவைப் பட்டியலிலிருந்துதான் எடுத்தது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் இந்தச் சான்றிதழ் என்று ஒவ்வொரு ஜன்னலாக அலையவிடுகிற நம் ஊர் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும். ஒவ்வொரு ஜன்னலிலும் இருந்தவர், எங்கள் விதியில் தவறில்லை என்று சொல்லிவிடலாம். தடுத்தவர் யார் என்று கேட்டால் கைகாட்ட ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

முதல் உலகப் போரில் ஏடா தாம்ஸ் இந்தச் சங்கிலியை உடைக்கப் பார்த்தார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினால் அவர்கள் ராணுவத்தின் மருத்துவத் தலைமையைக் காட்டினார்கள். 1918 இலையுதிர் காலத்தில் விஷக்காய்ச்சல் பரவி ராணுவ முகாம்களில் வீரர்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்த பிறகுதான் அழைப்பு வந்தது. போர் நிறுத்தம் ஆன பின், அந்த டிசம்பரில், 18 கறுப்பினச் செவிலியர் ஒஹையோவின் ஷெர்மன் முகாமுக்கும் இல்லினாயின் கிராண்ட் முகாமுக்கும் அனுப்பப்பட்டார்கள். தங்குமிடம் தனி; வார்டு மட்டும் பொது. காய்ச்சலில் கிடந்த வெள்ளை வீரர்களையும் கறுப்பு வீரர்களையும் அவர்கள் சேர்த்தே பார்த்தார்கள். சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனாலும் 1919 ஆகஸ்டோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சான்று ராணுவத்தின் கோப்பிலேயே உறங்கியது.

இனி ஸ்டாப்பர்ஸ். 1890-ல் பார்படோஸ் தீவில் பிறந்து, 1903-ல் நியூயார்க் வந்து சேர்ந்த குடியேறி. வாஷிங்டனில், விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கப்பட்ட ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையின் பள்ளியில் படித்து 1917-ல் தேறினார். 1920-ல் இரண்டு கறுப்பின மருத்துவர்களோடு சேர்ந்து ஹார்லெமில் ஒரு காசநோய்க் காப்பகம் தொடங்கினார். வெள்ளையர் நடத்திய மருத்துவமனைகளில் கறுப்பின டாக்டர்கள் தங்கள் நோயாளியைச் சேர்த்து வைத்தியம் பார்க்க முடியாத காலம் அது. பிறகு ஹார்லெமில் காசநோய் எப்படிப் பரவியிருக்கிறது, சிகிச்சைக்கு இடம் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை அவரிடம் வந்தது. அந்த அறிக்கையின் பேரில் அமைந்த ஹார்லெம் குழுவில் அவர் 12 ஆண்டுகள் செயலாளராக இருந்தார். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். வயிற்றெரிச்சலோடு புகார் சொல்வதற்கும், எண்ணிக்கையை எடுத்து நீட்டிப் பதில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் அங்கேதான் பழகினார். 1945-ல் அவர் சபையில் கேட்ட கேள்வியில் பேசியது இந்தப் பழக்கம்தான்.

1934-ல் கறுப்பினச் செவிலியரின் தேசியச் சங்கம் தள்ளாடிக்கொண்டிருந்தது. பொருளாதார நெருக்கடி, உறுப்பினர் குறைவு, சம்பளம் கொடுத்து ஆள் வைக்கப் பணமில்லை. அந்த ஆண்டு எஸ்டெல் மாசி ரிடில் தலைவரானார். பின்னாளில் எஸ்டெல் ஆஸ்போர்ன் என்று அறியப்பட்டவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்வியில் முதுகலை முடித்தவர். அமெரிக்கக் கறுப்பினத்தாரில் அந்தப் பட்டம் பெற்ற முதல் செவிலியர் அவர். ஸ்டாப்பர்ஸ் முழுநேரச் செயலாளரானார். இருவருக்கும் குணம் வேறு. எஸ்டெல் கல்வியாளர், பள்ளி, பாடத்திட்டம், அறக்கட்டளைகளின் உதவி என்று அவர் பக்கம் ஒரு வழி. ஸ்டாப்பர்ஸ் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பவர், கடிதம் எழுதுபவர், செய்தியாளர்களோடு தொடர்பு வைத்திருப்பவர். ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடாமல், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டு அவர்கள் நடத்திய பத்தாண்டு வேலையைச் செவிலியர் கல்லூரிகளில் தலைமைப் பண்புக்குப் பாடமாகவே வைக்கலாம்.

வெள்ளையின அமைப்புகளை எதிரியாக ஒதுக்கிவைக்க அவர்கள் விரும்பவில்லை. பெரிய செவிலியர் அமைப்புகளின் அலுவலகங்கள் இருந்த ராக்ஃபெல்லர் மையக் கட்டடத்திலேயே தங்கள் அலுவலகத்தையும் அமைத்தார்கள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் உள்ள ஓர் ஆலோசனைக் குழுவை ஏற்படுத்தினார்கள். தினமும் முகம் பார்த்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் ஆதரவு வளரும் என்ற நம்பிக்கை. அது வீண்போகவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

போர் நெருங்கியது. தரைப்படையின் அப்போதைய மருத்துவத் தலைவர் ஜேம்ஸ் மகீ 1941 ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். 56 கறுப்பினச் செவிலியர் சேர்க்கப்படுவார்கள். கறுப்பு வீரர்களுக்கென்றே ஒதுக்கிய வார்டுகளில் மட்டும் வேலை. லூசியானாவின் லிவிங்ஸ்டன் முகாமும் வட கரோலினாவின் பிராக் முகாமும் அவர்களுக்கு ஒதுக்கிய இடங்கள். கடற்படையோ ஒருவரையும் எடுக்கவில்லை. பிராக் முகாமுக்குப் போனவர்களில் டெல்லா ரேனி இருந்தார். இந்தப் போரில் தரைப்படைச் செவிலியர் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண். பின்னர் டஸ்கிகீ விமானத் தளத்தின் தலைமைச் செவிலியரானார். திறமைக்குப் பஞ்சமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1943-ல் ஒதுக்கீட்டை 160 ஆக்கினார்கள். நாடு முழுக்கப் பல்லாயிரம் செவிலியரைத் தேடிக்கொண்டிருந்த ராணுவத்தின் கணக்கு இது.

அதே ஆண்டு ஒஹையோவின் காங்கிரஸ் உறுப்பினர் ஃபிரான்சிஸ் போல்டன் கொண்டுவந்த சட்டம், அரசுச் செலவில் செவிலியர் பயிற்சி தரும் கேடட் நர்ஸ் படையை உருவாக்கியது. இனப் பாகுபாடு கூடாது என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஏறக்குறைய 3,000 கறுப்பினப் பெண்கள் அந்த வழியில் படித்தார்கள். தேசியச் செவிலியர் போர்ச்சேவைக் குழுவின் ஆலோசகராக எஸ்டெல் போனார். இரண்டே ஆண்டுகளில், கறுப்பின மாணவியரைச் சேர்த்த வெள்ளையர் பள்ளிகளின் எண்ணிக்கை 14-லிருந்து 38 ஆனது. படிப்பின் கதவு திறந்தது. வேலையின் கதவு திறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு ராணுவ மருத்துவமனை வார்டுக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. அப்போது பெனிசிலின் புதிது. உடலில் நெடுநேரம் தங்காத மருந்து என்பதால் மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவும் பகலும், தசையில் ஊசி போட வேண்டும். இன்றைக்குப் போல ஒரு தடவை போட்டுத் தூக்கியெறியும் சிரிஞ்சு கிடையாது. கண்ணாடிச் சிரிஞ்சு, கழுவ வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும், ஊசி முனை மழுங்கினால் தீட்ட வேண்டும். 26 படுக்கை உள்ள வார்டில் பாதிப் பேருக்குப் பெனிசிலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேர நைட் டியூட்டியில் ஊசி மட்டும் 52. இதற்கு நடுவே கட்டு மாற்றுவது, பிளாஸ்மா ஏற்றுவது, மாவுக்கட்டுக்குள் விரல் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, தூங்காமல் அழுகிற இருபது வயதுப் பையன் அருகில் கொஞ்சம் உட்காருவது. அருகில் இன்னொரு கை இருந்தால் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போனதைக் காலை டியூட்டிக்கு வருபவர்தான் கண்டுபிடிப்பார், சில சமயம் காலம் கடந்து.

26 என்ற எண்ணை நான் கற்பனையாகப் போடவில்லை. 1945 ஜனவரி 6 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாட்டுக்குச் சொன்ன கணக்கு அது. உள்நாட்டு ராணுவ மருத்துவமனைகளில் 15 படுக்கைக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும். இருப்பதோ 26-க்கு ஒருவர். அது மொத்த ஊழியர் விகிதம். ஷிப்டு ஷிப்டாகப் பிரித்தால் இரவில் ஒருவர் தலையில் விழும் படுக்கைகள் இன்னும் கூடும். 60,000 பேர் தேவை; 42,000 பேர்தான் இருக்கிறார்கள். எட்டு மாதம் தேடியும் 2,000 பேர்தான் கூடினார்கள். 11 மருத்துவமனைப் பிரிவுகள் போதிய செவிலியர் இல்லாமலே வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் தாங்களே நோயாளியாகப் படுத்திருக்கிறார்கள். ஆகவே செவிலியரைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்று அவர் கேட்டார்.

அதே நேரத்தில், படைக்குள் எடுத்திருந்த கறுப்பினச் செவிலியரை எங்கே வைத்திருந்தார்கள்? ஒரு பகுதியினர் ஜெர்மன் போர்க் கைதிகளின் முகாம் மருத்துவமனைகளில் இருந்தார்கள். தன் நாட்டுக் காயம்பட்ட வீரனுக்குப் பணிவிடை செய்யத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர், எதிரி நாட்டுக் கைதிக்கு ஊசி போட அனுப்பப்பட்டார். எந்த நாட்டவனானாலும் நோயாளி நோயாளிதான். செவிலியர் தர்மம் அப்படித்தான் சொல்கிறது. அவர்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பணியை ஒதுக்கித் தள்ளும் இடமாக ஆக்கியது ராணுவத்தின் குற்றம். 1944 நவம்பர் 3 அன்று ஸ்டாப்பர்ஸ் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்துப் பேசியபோது இந்த மனக்குமுறலையும் சொன்னார். நம் பெண்கள் படையில் சேர்வது நம் வீரர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசையோடு. அவர்களைக் கைதிகள் முகாமிலேயே கட்டிப்போடுவது எந்த நியாயம் என்பது அவர் வாதம். எலினார் தன்னால் முடிந்த இடங்களில் கேள்வி எழுப்பினார். இறுகிய கதவு லேசாக அசைந்தது.

1945 ஜனவரி ஆரம்பத்தில் நியூயார்க்கின் பியர் ஹோட்டலில் ஒரு கூட்டம். மகீக்கு அடுத்து வந்த மருத்துவத் தலைவர் நார்மன் கர்க் பேசினார். செவிலியரும் அரசியல் பிரமுகர்களும் பொதுமக்களுமாகச் சுமார் 300 பேர் இருந்தார்கள். நிலைமை மோசம், கட்டாயமாகத்தான் ஆள் எடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் விளக்கினார். ஸ்டாப்பர்ஸ் எழுந்தார். செவிலியர் இவ்வளவு அவசரமாகத் தேவை என்றால், ராணுவம் ஏன் கறுப்பினச் செவிலியரை எடுக்கவில்லை என்று கேட்டார். நாட்டில் பதிவு பெற்ற கறுப்பினச் செவிலியர் சுமார் 9,000 பேர் இருப்பதாகச் சொன்னார். தரைப்படை எடுத்தது சில நூறு பேரை. கடற்படை எடுத்தது பூஜ்யம்.

அவர் குரலை உயர்த்தவில்லை, யாரையும் ஏசவுமில்லை. இந்த எண்களுக்கு நடுவில் நின்று பதில் சொல்ல கர்க்கால் முடியவில்லை. மறுநாளைய செய்தித்தாள்களில் கூட்டத்தைவிடக் கேள்விதான் பெரிதாக வந்தது.

அடுத்து நடந்ததைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன. கறுப்பின அமைப்புகள் அனுப்பின; வெள்ளையினச் செவிலியர் அமைப்புகளும் அனுப்பின. ஒரே கட்டடத்தில் பத்தாண்டு முகம் பார்த்துப் பழகிய பழக்கம் அந்த இரண்டு வாரத்தில் பலன் தந்தது. ஒரு பெண்மணி துணிச்சலாகக் கேட்டார், ராணுவம் பணிந்தது என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. கேட்டவருக்குப் பின்னால் கூட்டமாக நின்றவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி ஒருநாள் செய்தியோடு போயிருக்கும். 1919-க்குப் பிறகு ஏடா தாம்ஸ் தரப்பின் நியாயம் கோப்பிலேயே உறங்கியதற்கும் இதுதான் காரணம். அவரிடமும் சான்று இருந்தது. கூட நிற்க இத்தனை பேர் அன்று இருக்கவில்லை.

ஜனவரி 20 அன்று கர்க் அறிவித்தார்: இனி இனம் பார்க்காமல் செவிலியர் சேர்க்கப்படுவார்கள். சில நாட்களில் கடற்படையும் அதே முடிவைச் சொன்னது. மார்ச் 8 அன்று ஃபிலிஸ் மே டெய்லி கடற்படைச் செவிலியர் பிரிவில் உறுதிமொழி எடுத்தார்; அந்தப் பிரிவில் முதல் கறுப்பினப் பெண். கட்டாய ஆள்சேர்ப்பு மசோதா கீழவையில் நிறைவேறியும், ஐரோப்பாவில் போர் முடிந்ததால் சட்டமாகவில்லை. போர் முடிந்தபோது தரைப்படையின் 50,000-க்கும் மேற்பட்ட செவிலியரில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 500 பேர். நூற்றுக்கு ஒருவர். கதவு திறந்த நேரத்தில் போர் முடியும் தறுவாயில் இருந்தது. நான்கு ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது. அந்த நான்கு ஆண்டுகளில் ஆள் இல்லாமல் விட்டுப்போன பணிவிடையையும்தான்.

ஆனால் திறந்த கதவு பிறகு மூடவில்லை. 1948-ல் ஜனாதிபதி ட்ரூமன் படைகள் முழுவதிலும் இனப் பாகுபாட்டை நீக்க ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டு அமெரிக்கச் செவிலியர் சங்கம், மாநிலச் சங்கங்கள் மறுத்த கறுப்பினத்தவரை நேரடி உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1916-ல் போட்ட பூட்டுக்கு 32 ஆண்டுகள் கழித்துச் சாவி. எஸ்டெல் ஆஸ்போர்ன் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனாலும் தெற்கில் கடைசி மாநிலச் சங்கம் வழிக்கு வர 1960கள் வரை ஆயிற்று.

இதன் பிறகு ஸ்டாப்பர்சும் தோழியரும் எடுத்த முடிவு அபூர்வமானது. பொதுச் சங்கத்தில் இடம் கிடைத்துவிட்டது, இனித் தனிச் சங்கம் எதற்கு என்று 1949-ல் தீர்மானித்து, 1951 ஜனவரியில் தங்கள் சங்கத்தையே கலைத்தார்கள். 43 ஆண்டு பாடுபட்டு வளர்த்த அமைப்பு. பதவியும் பெயரும் போய்விடுமே என்று இழுத்துப் பிடித்துக்கொள்ளாமல், நோக்கம் நிறைவேறியது என்று கதவைச் சாத்தினார்கள். அந்த ஆண்டு ஸ்டாப்பர்சுக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் கிடைத்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் தரும் உயரிய விருது. 1961-ல் தன் போராட்டத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். 1989-ல், 99 வயதில் காலமானார்.

கலைத்தது சரியா? பெருந்தன்மையான முடிவு, ஆனால் அவசரப்பட்ட முடிவு என்றே நான் கருதுகிறேன். வார்டுக்குள் நுழைவது ஒன்று. வார்டுக்குத் தலைமைச் செவிலியர் யார், பள்ளியின் முதல்வர் யார், சங்கத்தின் மேடையில் உட்காருவது யார் என்பது வேறு. பொதுச் சங்கத்தில் சேர்ந்த கறுப்பினச் செவிலியர் உறுப்பினர் பட்டியலில் இருந்தார்கள். முடிவெடுக்கும் அறையில் அரிதாகவே இருந்தார்கள். இருபதே ஆண்டுகளில், 1971-ல், கறுப்பினச் செவிலியருக்கென்று மறுபடி ஒரு தேசியச் சங்கம் தொடங்க வேண்டி வந்தது. அமெரிக்கச் செவிலியர் சங்கத்துக்குக் கறுப்பினத் தலைவராக பார்பரா நிக்கல்ஸ் வந்தது 1978-ல். சங்கத்தைக் கலைத்ததற்கும் அதற்கும் இடையே 27 ஆண்டுகள்.

சங்கம் கலைக்கப்பட்ட அதே காலத்தில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ என்ற பெரிய காசநோய் மருத்துவமனையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தொற்றுக்குப் பயந்து வெள்ளைச் செவிலியர் விட்டுப்போன வார்டுகளைத் தெற்கிலிருந்து வந்த கறுப்பினச் செவிலியர் பல ஆண்டுகளாகத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். காசநோயை விரட்டிய ஐசோனியாசிட் மாத்திரையின் முதல் சோதனைகள் நடந்த இடங்களில் அதுவும் ஒன்று. அந்தச் செவிலியரைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)